நடந்தது நாலு மணி நேரம்... வாட்ச் காட்டுவது நாலே நிமிடம்!

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து சுற்றி முடிக்க நாலைந்து மணி நேரம் பிடிக்கும். முடித்துவிட்டு ஸ்மார்ட்வாட்ச்சைப் பார்த்தால், ஸ்டெப்ஸ் கணக்கு இருபதாயிரத்தை நெருங்கியிருக்கும். 'உடற்பயிற்சி நிமிடம்' என்ற இடத்தில் மட்டும் சொற்ப எண் நிற்கும். மறுநாள் பஸ்ஸைப் பிடிக்க எட்டு நிமிடம் ஓட்டமும் நடையுமாகப் போனாலோ, அந்த எட்டும் கணக்கில் ஏறிவிடலாம். சில வாட்ச்சுகள் அதைப் பதினாறு என்றுகூடக் காட்டும். வாட்ச்சில் பழுது எதுவும் இல்லை. அதன் நிமிடக் கணக்கே வேறு.

காலடி விழுந்தால் ஒன்று கூட்டிக்கொள்ளலாம், அது சுலபம். நிமிடத்தைச் சேர்ப்பதற்கோ, அந்த நிமிடத்தில் உடல் போதுமான அளவு உழைத்ததா என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். அதற்கு மருத்துவ உலகம் வைத்திருக்கும் அளவுகோல் 'மெட்'. சும்மா உட்கார்ந்திருக்கும்போது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, நிமிடத்துக்குச் சுமார் 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவாகிறது. இது ஒரு மெட். மூன்று மெட்டைத் தொட்டால் மிதமான உழைப்பு; ஆறைத் தொட்டால் தீவிர உழைப்பு. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாகவோ, 75 முதல் 150 நிமிடம் தீவிரமாகவோ உழைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டு வழிகாட்டுதல்.

மணிக்கட்டில் இருக்கும் வாட்ச்சால் நம் ஆக்சிஜன் செலவை நேரடியாக அளக்க முடியாது. அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்துத்தான் ஊகிக்கிறது.

கை ஆடினால்தான் கணக்கு

அசைவைப் பிடிப்பது ஆக்ஸிலரோமீட்டர் என்ற சின்னஞ்சிறு சிப். மேல்கீழ், முன்பின், பக்கவாட்டு என மூன்று திசைகளிலும் கையின் வேகம் மாறுவதை நொடிக்குப் பல முறை குறித்துக்கொள்கிறது. நடக்கும்போது கை ஒரே தாளத்தில் வீசும். அந்தத் தாளத்திலிருந்து காலடிகளின் எண்ணிக்கையும் வேகமும் கிடைக்கின்றன. நிமிடத்துக்கு 100 காலடி என்பது பெரும்பாலானவர்களுக்கு மூன்று மெட்டுக்குச் சமம் என ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிரிவலக் கூட்டத்தில் அந்த வேகம் வருவதில்லை. இருபதாயிரம் காலடி நடந்தும் நிமிடம் ஏறாததற்குக் காரணம் இதுதான்.

கை ஆடாத உழைப்பு அசைவுக் கணக்கில் தப்பிவிடும். சூப்பர் மார்க்கெட்டில் டிராலியைத் தள்ளும் கை, குழந்தையைத் தூக்கியிருக்கும் கை, சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்த கை எல்லாம் ஆடாமல் இருப்பவை. இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு மாடிப்படி ஏறினாலும், குடத்தின் கனம் இந்தச் சிப்புக்குத் தெரியாது. குண்டும் குழியுமான சாலையில் பைக்கில் போனாலோ, நடக்காமலேயே சில காலடிகள் சேர்ந்துவிடுவதும் உண்டு.

வயது தெரிந்தால்தான் நாடி பேசும்

இந்த ஓட்டையை அடைக்கத்தான் நாடித்துடிப்பு. வாட்ச்சின் அடியில் மினுங்கும் பச்சை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடி.

ஐம்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 220-லிருந்து வயதைக் கழித்தால் அவருடைய உச்சத் துடிப்பு 170 என்பது பொதுவான சூத்திரம். ஓய்வில் துடிப்பு 70 என்றால், இரண்டுக்கும் இடைவெளி 100. அதில் 40 சதவிகிதத்தை 70-உடன் கூட்டினால் 110. அதுதான் மிதமான உழைப்பின் வாசல். 60 சதவிகிதம் என்றால் 130. அங்கே தீவிரம் தொடங்குகிறது. ஃபிட்பிட் பயன்படுத்துவது இந்த முறையைத்தான். ஆப்பில் பிறந்த வருடத்தைத் தவறாகப் பதிந்திருந்தால் கணக்கு முழுவதும் கோணலாகிவிடும்.

ரத்த அழுத்தத்துக்கோ இதயக் கோளாறுக்கோ அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். இந்த மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைப்பவை. வியர்க்க விறுவிறுக்க நடந்தும் 110-ஐத் தொடாமல் போகலாம்; வாட்ச் பூஜ்ஜியம் காட்டும். அதைப் பார்த்து இன்னும் வேகமாக ஓடக் கிளம்புவது ஆபத்து. எவ்வளவு வேகம் சரி என்று டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

கம்பெனிக்கு ஒரு கணக்கு

75 நிமிடத் தீவிர உழைப்பு 150 நிமிட மிதமான உழைப்புக்குச் சமம் என்பதால், ஃபிட்பிட்டும் கார்மினும் தீவிர நிமிடத்தை இரண்டாக எண்ணுகின்றன. அமெரிக்க இதய சங்கத்தோடு சேர்ந்து 2018-ல் கூகுள் ஃபிட் கொண்டுவந்த புள்ளிக் கணக்கும் இதே வகை. ஆப்பிள் வாட்ச்சோ விறுவிறு நடைக்கு இணையான, அல்லது அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு முழு நிமிடத்தையும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அரை மணி நேர ஓட்டம் ஒரு கையில் 60, இன்னொரு கையில் 30!

முன்பு இன்னொரு கெடுபிடியும் இருந்தது. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2010-ம் ஆண்டு வழிகாட்டுதல் சொன்னது. சில வாட்ச்சுகளும் அப்படியே எண்ணின. 2020-ல் அந்த நிபந்தனை போய்விட்டது. இப்போது இரண்டு நிமிடம் மாடிப்படி ஏறுவதும் பலன்தான்.

அந்த 150 எங்கிருந்து வந்தது?

வாரத்துக்கு 150 என்ற இலக்குக்கு ஆதாரமான ஆய்வுகளில் பெரும்பாலானவை வாட்ச்சைக் கட்டி அளந்தவை அல்ல. வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு நேரம் நடக்கிறீர்கள் என்று மக்களிடம் கேட்டு எழுதியவை. தினமும் அரை மணி நேரம் என்று சொன்னவரின் கணக்கில், சிக்னலில் நின்றதும் தெரிந்தவரைப் பார்த்துப் பேசியதும் சேர்ந்தே இருக்கும். நிமிடத்துக்கு நிமிடம் தணிக்கை செய்யும் வாட்ச்சின் 150-ம் இந்த 150-ம் ஒன்றல்ல. வாட்ச் 110 காட்டுகிறதே என்று மனம் தளர வேண்டியதில்லை. 300 காட்டுகிறதே என்று மிதப்பும் வேண்டாம்.

இந்த எண்ணை உங்களுடைய போன மாத எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். வாட்ச்சை மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, நழுவாத அளவுக்கு இறுக்கமாகக் கட்டுங்கள். சைக்கிள் ஓட்டும்போது அதற்கான பயிற்சி மோடைத் தொடங்கிவிடுங்கள். சந்தேகம் வந்தால் பேசிப் பாருங்கள்: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு; நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் தீவிரம். வேறு கம்பெனி வாட்ச்சுக்கு மாறினால் பழைய எண்களை மறந்துவிட்டு, அன்றிலிருந்து புதுக் கணக்கு தொடங்குங்கள்.