டூவிக்ஸுக்கு வாழ உரிமை இல்லையா?

1996-இல் ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' தொடரில் ஒரு கதை. ஆட்களை நொடியில் இடம் மாற்றும் கருவி பிசகி, விண்கலத்தில் பயணிக்கும் டூவாக், நீலிக்ஸ் இருவரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். அவன்தான் டூவிக்ஸ். சில வாரங்களில் பிரிக்க வழி கிடைக்கிறது. அவனோ வாழவிடும்படி கெஞ்சுகிறான். உயிரைப் பறிக்க மாட்டேன் என்று மருத்துவர் மறுத்துவிட, கலத்தின் கேப்டன் ஜேன்வே தானே பிரிக்கிறார். இருவர் மீள்கிறார்கள்; டூவிக்ஸ் இல்லை.

இதே ஸ்டார் ட்ரெக் உலகில், 1993-இல் வந்த இன்னொரு தொடரின் அத்தியாயத்தில், இத்தகைய கருவிதான் ரைக்கர் என்ற அதிகாரியை இரண்டு பேராக்கியது. அப்படியானால் டூவிக்ஸையும் நகலெடுத்து, நகலைப் பிரித்திருக்கலாமே? கதையில் ஓட்டைதான், மறுக்க முடியாது. ஆனால் அந்த நகலும் கண் விழித்து, தன்னை வாழவிடும்படிதானே கெஞ்சியிருக்கும்?