பிள்ளையை இல்லத்தில் விடுமுன்...

சென்ற ஆண்டு ஒரு தங்கை நம்மைத் தேடி வந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. புருஷன் காலையில் வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். "பெரியவளுக்கு ஒன்பது, சின்னவனுக்கு அஞ்சுண்ணே. விடியறதுக்கு முன்னே நான் போயிட்டா யாரு பாப்பா? ஆசிரமத்துல விட்டுடு, சோறும் படிப்பும் கிடைக்கும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பெரட்டுக்குப் போகுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டால் போதும். லயத்தில் அடுத்த வீட்டுப் பெரியம்மா கண் வைத்துக்கொள்வார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சனங்கள் ஆளுக்கொரு தாமானுக்கும் அடுக்கு மாடிக்கும் சிதறிய பிறகு அந்தப் பெரியம்மாவும் இல்லை, கொட்டகையும் இல்லை.

இல்லங்களை நாம் குறை கூற வரவில்லை. பூச்சோங் சாலையில் சுவாமி சத்தியானந்தர் தொடங்கிய தூய வாழ்வுச் சங்கத்தை அவர் 1961ல் மறைந்த பின் அன்னை மங்களம் கட்டிக் காத்தார். 2023ல் அவர் மறையும் வரை அங்கே ஆளான பிள்ளைகள் எத்தனை பேர்! ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏழ்மை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது, உடன்பிறந்தாரைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கக் கூடாது என்று ஐக்கிய நாட்டுச் சபை 2009ல் வகுத்த வழிகாட்டி நெறிகளிலேயே இருக்கிறது.

அந்தத் தங்கையோடு நாமும் இரண்டு இல்லங்களைப் போய்ப் பார்த்தோம்.

முதல் இல்லத்தில் நீண்ட மண்டபம், வரிசையாக அடுக்குக் கட்டில்கள். துவைத்த துணி ஒரே குவியலாகக் கிடந்தது. கைக்கு வந்ததை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். நடத்துபவர்கள் நல்லவர்களே, பணமும் ஆளும் போதவில்லை. பார்த்துக்கொள்ளும் பெண்கள் சில மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்களாம். "புதுசா வர்ற ஒவ்வொருத்தரையும் சின்னப் பிள்ளைங்க அம்மான்னு கூப்பிடும். அப்புறம் யாரையுமே கூப்பிடாது" என்று சமையற்கார அம்மாள் சொன்னார். அதைக் கேட்டதும் தங்கை மகனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது இடத்தில் சிறு சிறு வீடுகள். வீட்டுக்கு எட்டுப் பிள்ளைகள், ஆண்டுக் கணக்காக மாறாத ஓர் அம்மா. ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்த அலமாரி, அதில் சொந்தத் துணி. அக்காள் தம்பி ஒரே வீட்டில். பிரம்பு கிடையாது. வாரம் ஒரு முறை வீட்டுக்குப் போன் பேசலாம், பள்ளி விடுமுறைக்கு வீட்டுக்குப் போகலாம். அரசாங்கத்தின் 'ரூமா துனாஸ் ஹராப்பான்' இல்லங்களும் இந்தக் குடும்ப முறையில் நடப்பவைதாம். செலவு கூடத்தான். ஆனால் பிள்ளை பிள்ளையாக வளர்கிறது.

தீபாவளிக்கு நம்மவர்கள் லாரி நிறையப் பலகாரம் கொண்டுபோய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அன்று ஒரே நாளில் மூன்று பிரியாணி! தை பிறந்தால் எட்டிப் பார்க்க ஆளில்லை. மாதம் ஒரு முறை வந்து பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் அந்தப் பலகாரம் அத்தனைக்கும் மேல் என்பது நம் எண்ணம்.

விட்டே ஆகவேண்டும் என்றால் வாய்விட்டுக் கேளுங்கள். நாலு பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ தங்க வைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிவு பெற வேண்டும். பதிவுப் பத்திரம் எங்கே என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? பிறப்புப் பத்திரத்தை மறக்காமல் கொடுங்கள். அது இல்லாமல் பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுக்க முடியாமல் அல்லாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடி, தொல்லை என்று பிள்ளை சொன்னால் "சும்மா இரு" என்று அடக்காதீர்கள். 15999 என்ற தாலியான் காசே எண் இரவும் பகலும் இயங்குகிறது.

தங்கையின் கதைக்கு வருவோம். வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த விபத்துக்கும் சொக்சோ பணம் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. விதவைக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு, அதுவும் 21 வயது வரை. தோட்டத்துக் கிராணி ஒருவர் பாரங்களை நிரப்பிக் கொடுத்தார். சமூக நல இலாகாவின் பிள்ளைகள் உதவித் தொகைக்கும் மனுப் போட்டார்கள்.

ஐந்து மாதம் அலைந்த பிறகு பணம் வந்தது. ஈப்போவிலிருந்த மாமியாரைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார். கிழவிக்குக் கண் மங்கல்தான். மகள்தான் காலையில் தம்பிக்குச் சட்டை மாட்டிப் பாலர் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறாள். போன வாரம் தங்கை போன் செய்தார். சின்னவனுக்குப் பல் விழுந்துவிட்டதாம், அதைக் கூரை மேல் எறிய வேண்டும் என்று அடம் பிடிக்கிறானாம். மாடி வீட்டில் கூரைக்கு எங்கே போவது என்று சிரித்தார்.