சொல்லி மாற்றுவதா... கேட்டு மாற்றுவதா?

'நாளை முதல் வேலை இப்படித்தான்!' மேலாளர் இப்படி அறிவித்தால், முணுமுணுப்பு கிளம்பும். அது வெறும் பிடிவாதம் அல்ல. பழகிய கை தடுமாறும், வேகம் குறையும், சம்பளமும் குறையும் என்ற பயம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹார்வுட் என்ற பைஜாமா தொழிற்சாலையிலும் இதே தலைவலிதான். லெஸ்டர் கோச், ஜான் ஃப்ரெஞ்ச் இருவரும் அங்கே நடத்திய ஆய்வு 1948-ல் வெளியானது.

ஒரு குழுவிடம் மாற்றத்தையும் காரணத்தையும் விளக்கிச் சொன்னார்கள். அவ்வளவுதான். உற்பத்தி சரிந்தது, சச்சரவு வந்தது, 40 நாள்களுக்குள் 17 சதவிகிதம் பேர் வேலையை விட்டே போனார்கள்.

வேறு குழுக்களில், செலவைக் குறைக்கவேண்டிய அவசியத்தைக் காட்டிவிட்டு, புதிய முறையை வகுக்க எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் சற்றே இறங்கிய உற்பத்தி சட்டென நிமிர்ந்து, பழைய அளவைவிடச் சுமார் 14 சதவிகிதம் கூடியது. அந்த 40 நாள்களில் ஒருவர்கூட விலகவில்லை.

நீங்கள் மேலாளரா? 'என்ன மாறவேண்டும்' என்பது உங்கள் முடிவாக இருக்கட்டும். 'எப்படி' என்பதை, வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு ஒப்புக்குக் கேட்காதீர்கள். அது அவர்களுக்கு உடனே புரிந்துவிடும்!