அடுக்குமாடிச் சங்கப் பணமும் ஓர் அமானத்தே



தெருமுனையில் பள்ளிவாசல், பக்கத்து வீட்டில் உறவினர் என்று வாழ்ந்த நம் குடும்பங்களில் பல இன்று அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோய்விட்டன. தனி வீட்டில் மோட்டார் பழுதானால் நாமே ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்வோம். அடுக்குமாடியில் மோட்டார், லிஃப்ட், மொட்டைமாடி, கழிவுநீர்த் தொட்டி எல்லாம் பொது. அவற்றைப் பார்த்துக்கொள்வது வீட்டு உரிமையாளர் சங்கம். அதற்காக மாதாமாதம் பணம் கட்டுகிறோம். ஆனால் அது எந்த விதியின்படி வசூலாகிறது, எங்கே செலவாகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அண்டை வீட்டாருக்குள் மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

நாம் வாங்குவது என்ன?

அடுக்குமாடியில் நம் கிரயப் பத்திரம் இரண்டு உரிமைகளைத் தருகிறது. ஒன்று, நம் வீடு. மற்றொன்று, கட்டடம் நிற்கும் நிலத்தில் பிரிபடாத பாகம். இந்தப் பாகம் எத்தனை சதுர அடி என்பது பத்திரத்தில் இருக்கும். வீட்டின் நீள அகலத்தைப் பார்ப்பவர்கள் இந்த எண்ணையும் பார்க்க வேண்டும். கட்டடம் பழையதாகி இடிக்கும் காலம் வந்தால், நமக்கு மிஞ்சும் சொத்து இந்த நிலப் பாகம்தான்.

எந்தக் காகிதம் பெரியது?

முதலில் சட்டம். அடுத்து பதிவான பத்திரம். அதற்கடுத்து சங்கத்தின் துணை விதிகள், அதாவது பைலா. கடைசியில் செயற்குழுவின் தீர்மானங்களும் அறிவிப்புகளும். கீழே உள்ளது மேலே உள்ளதை மீற முடியாது. நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிட்டதாலேயே ஒரு கட்டளை பைலாவை மாற்றிவிடாது.

தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022ஆம் ஆண்டின் சட்டம் வந்துள்ளது. இதன்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட வழி உண்டு. இத்தகைய முடிவுகள் பேசப்படும் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது நமக்குத்தான் நட்டம்.

பல சங்கங்கள் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. இவை ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, வரவு செலவை முன்வைத்து, பதிவாளரிடமும் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. அதன்பின் மீண்டும் தேர்வு நடக்க வேண்டும்.

ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டத்துக்கு உட்பட்ட புதிய கட்டடங்களில், ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், கட்டியவரே இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். அந்தச் செலவைச் சங்கப் பணத்தில் செய்யும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

பணம் இரண்டு வகை

மாதச் செலவுக்கு வாங்குவது பராமரிப்புக் கட்டணம். பெரிய வேலைகளுக்காகச் சேர்த்து வைப்பது மூலநிதி. இரண்டையும் கலக்கக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 வீடுகள் உள்ள கட்டடத்தில் காவலாளி, துப்புரவு, பொது மின்சாரம், லிஃப்ட் எல்லாம் சேர்த்து மாதம் 60,000 ரூபாய் என்றால், சமமாகப் பிரிக்கும்போது வீட்டுக்கு 3,000 ரூபாய். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளையடிக்க 6 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், வீட்டுக்கு மாதம் 500 ரூபாய் மூலநிதியில் சேர்த்தால் போதும். சேர்க்காமல் விட்டால், ஒரே நாளில் வீட்டுக்கு 30,000 ரூபாய் கேட்பார்கள். பிள்ளைகளை வளர்க்கும் விதவைச் சகோதரியும் ஓய்வூதியத்தில் வாழும் பெரியவரும் அப்போது எங்கே போவார்கள்? ‘கட்டணம் குறைவு’ என்று மகிழும் முன் மூலநிதி சேர்கிறதா என்று கேளுங்கள்.

வீட்டுக்கு ஒரே தொகையா, சதுர அடிக் கணக்கா என்பதை உங்கள் பைலாவில் பாருங்கள்.

வட்டி பற்றிய கேள்வி

மூலநிதியை வைப்பு நிதியில் போட்டு வட்டி வாங்குவது நம்மில் பலருக்கு நெருடலாக இருக்கும். கட்டடத்தில் மற்ற சமயத்தவரும் உரிமையாளர்கள் என்பதால், இதைச் சண்டையாக்காமல் பொதுக்குழுவில் எடுத்துச் சொல்லி, நடப்புக் கணக்கில் வைக்க முடியுமா என்று கேட்கலாம். வேறு முடிவு வந்தால் நம் நிலை என்ன என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அதைக் காரணம் காட்டிக் கட்டணத்தை நிறுத்துவது வழியல்ல.

நாம் செய்ய வேண்டியவை

- வீடு வாங்கும் முன் பைலா, கடந்த ஆண்டின் தணிக்கை அறிக்கை, முந்தைய உரிமையாளருக்கு நிலுவை இல்லை என்ற கடிதம் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.
- பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். தனிநபர் கணக்கில் அல்ல, சங்கத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் செலுத்துங்கள்.
- வாடகைக்கு விட்டிருந்தால், கட்டணம் யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குடியிருப்பவர் கட்டத் தவறினால் சங்கம் உரிமையாளரிடம்தான் வரும்.
- உரிமையாளர் மவுத்தானால், வாரிசுகள் தாமதிக்காமல் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்து உறுப்பினர் பெயரை மாற்றுங்கள். சொத்துப் பங்கீடு முடியும்வரை யார் வாக்களிப்பது என்பதையும் கேட்டு வையுங்கள்.
- பகலில் வீட்டில் இருந்து தண்ணீர், லிஃப்ட் பிரச்சினைகளை அனுபவிப்பவர்கள் பெண்களே. அவர்களும் பொதுக்குழுவில் பேச வேண்டும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுதிவைப்பது சந்தேகத்தின் அடையாளமல்ல, சந்தேகத்தைத் தடுக்கும் வழி என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கணக்குக் கேட்பவரைச் செயற்குழு பகையாளியாகப் பார்க்கக் கூடாது. செயற்குழுவில் கூலியின்றி உழைப்பவரை நாமும் திருடராகப் பேசக் கூடாது. வசூலிப்பவர் கையில் அந்தப் பணம் அமானத். கட்ட வேண்டியதை உரிய நாளில் கட்டுவது நம் மீதுள்ள கடமை. இரு தரப்பும் இதை நினைவில் வைத்தால், இன்ஷா அல்லாஹ், ஒரே கூரையின் கீழ் வாழும் அண்டை வீட்டார் முகம் கொடுத்துப் பேசி வாழலாம்.