இளைஞருக்கும் ஓர் இருக்கை

அருகிவரும் காட்டு விலங்குகளும் தாவரங்களும் நாடுவிட்டு நாடு விற்கப்படுவதை ஒழுங்குபடுத்த 1973-இல் வாஷிங்டனில் கையெழுத்தான சைட்டீஸ் உடன்படிக்கையின் 17-ஆம் மாநாடு, 2016 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் கூடியபோது, அதையொட்டிப் பல நாட்டு இளைஞர்களுக்கென ஓர் அரங்கும் நடத்தப்பட்டது. நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்னும் அதே புரதத்தாலான செதில்களுக்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடப்பட்டு, ஆபத்து நெருங்கினால் பந்தாகச் சுருண்டுகொள்வதால் வெறுங்கையாலேயே தூக்கிச் செல்லப்படும் அழுங்கின் எட்டு இனங்களும், பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்யும் முதலாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது அம்மாநாட்டில்தான். இத்தகைய முடிவுகள் எடுக்கப்படும் அவையில், காட்டை நெடுநாள் காக்கவேண்டிய இளைஞர்கள் இல்லாதிருப்பது பெருங்குறையே. அரசுத் தூதுக்குழுக்களில் இளைஞர்களையும் சேர்க்குமாறு உறுப்பு நாடுகளை அழைக்கும் தீர்மானமும் அங்கேயே நிறைவேறியது.