கீழாநெல்லிக்கு எத்தனை மார்க்?

வடசென்னை மருந்துக் கதைகள் – 17

37 பேரில் 22 பேர். 23 பேரில் ஒரே ஒருவர். மெட்ராஸ் என்ற ஊர்ப் பெயரைப் பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் பேசவைத்த கணக்கு இது. 1988 அக்டோபர் முதல் தேதியிட்ட 'தி லான்செட்' இதழில், மூன்று பக்கத்துக்குள் அடங்கிவிட்ட ஒரு கட்டுரையில் வந்தது.

ஹெபடைடிஸ் பி வைரஸை அறிகுறி இல்லாமல் உடம்பில் சுமந்துகொண்டிருந்தவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கீழாநெல்லிப் பொடி அடைத்த கேப்ஸ்யூல், வேளைக்கு 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். மற்ற பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்றுக் கேப்ஸ்யூல். முடிந்து 15, 20 நாள் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் மேலுறைப் புரதத்தைக் காணோம். நூற்றுக்கு 59. வெற்றுக் கேப்ஸ்யூல் விழுங்கிய 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. சிலரை ஒன்பது மாதம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். போனது யாருக்கும் திரும்பவில்லை என்று எழுதினார்கள்.

கட்டுரையின் முதல் பெயர் எஸ்.பி. தியாகராஜன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் இருந்த நுண்ணுயிரியலாளர், பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர். கடைசிப் பெயர் பரூக் புளும்பெர்க். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிய வழிகாட்டியதற்காக 1976-ல் நோபல் பரிசு வாங்கியவர்.

தரமணி ஊரின் தென்கோடியாயிற்றே, ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். கீழாநெல்லியின் புகழ் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததில்லை. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடும் தெருக்களில் பிறந்தது. மழைக்காலம் வந்தால் தண்டையார்பேட்டையிலும் காசிமேட்டிலும் யார் வீட்டிலாவது கண் மஞ்சளாகும். டாக்டரிடம் போவதற்கு முன்னால் கீரைக்காரம்மாவிடம் போவார்கள்.

அந்தச் செடியை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு ஜாண் உயரம்தான். சின்னச் சின்ன இலைகள் இரண்டு பக்கமும் மாறி மாறி அடுக்கியிருக்கும்; மேலாகப் பார்த்தால் வேறொன்றும் தெரியாது. கிளையைத் திருப்பினால் இலைகளுக்கு அடியில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். "வேரோட அலசி அரைச்சு, நெல்லிக்கா அளவு எடுத்து மோர்ல கலக்கிக் குடிம்மா. வெறும் வயித்துல. எண்ணெ, காரம் வேணாம். ஒரு வாரத்துல எறங்கிடும்" என்று கட்டைக் கையில் கொடுக்கும்போதே பத்தியமும் சொல்லிவிடுவார் விற்பவர். சொன்னபடி இறங்கவும் செய்யும்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. குடிநீர் வழியாக வரும் மஞ்சள் காமாலைக்குக் காரணம் பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ வைரஸ். இந்த இரண்டும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். கீழாநெல்லி குடித்தாலும் அடங்கும், குடிக்காவிட்டாலும் அடங்கும். (கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் ஈ உயிருக்கே உலை வைக்கலாம், அவர்கள் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவே கூடாது.) பி வேறு ஜாதி. ரத்தத்தாலும் உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் பரவுவது. பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு வைரஸ் உடம்பைவிட்டுப் போகாமல் தங்கிவிடும். பல ஆண்டு கழித்து அது ஈரல் சுருக்கமாகவோ ஈரல் புற்றுநோயாகவோ தலைகாட்டும். அப்படித் தங்கிவிட்ட வைரஸ் தானாக வெளியேறுவது ஆண்டுக்கு நூற்றில் ஓரிருவருக்குத்தான். அந்த இடத்தில் ஒரு மாதத்தில் 59 விழுக்காடு என்றால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது?

கதையின் தொடக்கம் 1988 இல்லை. 1982-லேயே தியாகராஜனும் சகாக்களும் கீழாநெல்லிச் சாறும் கரிசலாங்கண்ணிச் சாறும் சோதனைக் குழாயில் ஹெபடைடிஸ் பி-யின் மேலுறைப் புரதத்தைச் செயலிழக்கச் செய்வதாக எழுதியிருந்தார்கள். வெளியிட்டது நம் நாட்டு 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்'. ஐந்து ஆண்டு கழித்து, பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் பி.எஸ். வெங்கடேஸ்வரன், இர்விங் மில்மன், புளும்பெர்க் மூவரும் அமெரிக்க அறிவியல் அகாதமியின் இதழில் எழுதினார்கள். கீழாநெல்லிச் சாறு வைரஸின் டி.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. இதே மாதிரி வைரஸ் உள்ள வுட்சக் என்ற அமெரிக்கப் பிராணியிலும் பலன் தெரிகிறது என்பது சாரம். அதே 1987-ல் ஃபாக்ஸ் சேஸ் மையத்துக்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. நம் பாட்டி வைத்தியத்துக்கு அங்கே பட்டாவா என்று பின்னாளில் எழுந்த கோபம் தனிக் கதை.

நம் ஊர் இதழில் வந்ததைவிட அமெரிக்க இதழில் வந்ததும், அதைவிட லான்செட்டில் வந்ததும் எடுபட்டன. இதில் ஆச்சரியம் இல்லை. எது எவ்வளவு எடுபட்டது என்று எண்ணும் கணக்குக்கே பிறந்த ஊர் பிலடெல்பியாதான். எந்தக் கட்டுரையை யார் யார் அடிக்குறிப்பில் எடுத்துக்காட்டுகிறார்கள் என்று வரிசைப்படுத்தும் 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' பட்டியலை யூஜின் கார்ஃபீல்ட் 1964-ல் வெளியிட்டது அங்கிருந்துதான். தேடிப் படிக்க ஒரு வழி வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன நோக்கம். நூலகருக்காகச் செய்த கருவி, நாளடைவில் ஆய்வாளருக்கு மார்க் போடும் கருவியாகிவிட்டது. 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-இண்டெக்ஸைக் கொண்டுவந்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகளாவது தலைக்கு 20 தடவையாவது எடுத்தாளப்பட்டிருந்தால் அவருக்கு 20. 21-ஐத் தொட 21 கட்டுரையும் 21 தடவையும் வேண்டும். ஒரே கட்டுரை ஆயிரம் தடவை எடுத்தாளப்பட்டாலும் அதற்கு ஒன்றுதான். இன்று மருத்துவக் கல்லூரி வராந்தாவில் இரண்டு பார்மகாலஜி ஆசிரியர்கள் சந்தித்தால் "எத்தனை பேப்பர் போட்டீங்க, எந்த ஜர்னல், சைட்டேஷன் எவ்வளவு?" என்பதுதான் குசல விசாரிப்பு. பதவி உயர்வு அதில் தொங்குகிறது.

லான்செட் கட்டுரைக்கு அந்த மார்க் தாராளமாகக் கிடைத்தது. எடுத்தாண்டவர்கள் நூற்றுக்கணக்கில். ஆனால், அவர்கள் எதற்காக எடுத்தாண்டார்கள் என்று ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும்.

1990-ல் அதே லான்செட்டில் தாய்லாந்து மருத்துவர்களின் கடிதம் வந்தது. அறிகுறியற்ற சுமப்பாளர்களிடம் கீழாநெல்லி பலனளிக்கவில்லை என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். 1991-ல் தாய்லாந்திலிருந்தே இன்னொரு சோதனை; அதுவும் தோல்வி. 1994-ல் நியூசிலாந்துக்காரர்களும் தங்கள் ஊர் நோயாளிகள் அசைந்துகொடுக்கவில்லை என்றார்கள். பம்பாயிலும் செய்து பார்த்துக் கையை விரித்தார்கள். 2011-ல் காக்ரேன் அமைப்பு 16 சோதனைகளை ஒன்றாகத் தொகுத்து அலசியது. வெற்று மருந்தைவிடக் கீழாநெல்லி மேல் என்று நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று முடித்தது. இவர்கள் எல்லோருமே, மறுப்பதற்காகத்தான், 1988 கட்டுரையை எடுத்தாண்டிருக்கிறார்கள். பட்டியலில் ஒவ்வொரு மறுப்பும் ஒரு மார்க்காக ஏறியது. கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட வெள்ளைக்காரத் துரையையும் வரலாற்றுப் புத்தகம் திரும்பத் திரும்பப் பெயர் சொல்லத்தான் செய்கிறது. எத்தனை தடவை என்று எண்ணினால் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியுமா?

இது கீழாநெல்லிக்கு மட்டும் நடந்ததில்லை. எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் எழுதிய கட்டுரையை லான்செட் 2010-ல் திரும்பப் பெற்றது. அது ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை எடுத்தாளப்பட்டது, பெரும்பாலும் மறுத்தே. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். வேக்ஃபீல்ட் செய்தது மோசடி. மெட்ராஸ்காரர்கள் தங்கள் சுருக்கத்திலேயே இது 'ஆரம்பக்கட்ட ஆய்வு' என்று இரண்டு இடத்தில் சொன்னார்கள், மேலும் சோதிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் சோதித்தார்கள். அறிவியல் அப்படித்தான் நடக்க வேண்டும். எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த 37-க்கு எதிரே 23 ஏன் என்ற கேள்வி, அன்று அதைத் தூக்கிப் பிடித்த பலருக்கு வரவில்லை. ஒப்பிடும் பிரிவு அத்தனை சிறிதாக இருந்தால், அதில் ஒருவர், இருவர் கூடக்குறையப் போனாலும் விழுக்காடு சில புள்ளிகள் ஆடும். 'ஆரம்பக்கட்ட' என்ற சொல்லையும் ஈரல் டானிக் லேபிள்கள் அச்சடிக்க மறந்துவிட்டன.

மெட்ராஸில் கிடைத்தது பாங்காக்கில் ஏன் கிடைக்கவில்லை? செடி வளரும் மண், பறிக்கும் பருவம், உலர்த்தும் முறை என்று பல சமாதானங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் ஒன்றை மட்டும் நான் லேசில் தள்ளமாட்டேன். 1987 கட்டுரையில் இந்தச் செடிக்கு ஃபைலாந்தஸ் நிரூரி என்று பெயர். 1988-ல் ஃபைலாந்தஸ் அமாரஸ். நிரூரி என்பது அமெரிக்கக் கண்டத்துச் செடி; இங்கே நாம் அரைப்பது அமாரஸ் என்று தாவரவியலாளர்கள் திருத்திய பிறகு வந்த மாற்றம். பெயர் மட்டும் குழம்பியிருந்தால் போகட்டும் என்று விடலாம். தென்னிந்திய நாட்டு மருந்துக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்ற சரக்கை மரபணு வழியில் சோதித்து 2010-ல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மாதிரிகளில் அமாரஸுக்குப் பதில் அதன் ஒன்றுவிட்ட சகோதரங்கள் இருந்தன. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் வேலை செய்கிறதா என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு பெயரையும் கவனிக்க வேண்டும். 1987 கட்டுரையில் வந்த இர்விங் மில்மன், புளும்பெர்க்கோடு சேர்ந்து 1969-லேயே ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கான வழியை வகுத்தவர். அதே இரண்டு பேர், அதே வைரஸ். ஒன்று ஜெயித்தது, மற்றது நிற்கவில்லை. ஜெயித்தது இன்று பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்து, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தொடையில் போடும் ஊசியாகிவிட்டது. பிரசவ வார்டில் நர்ஸ் அதைப் போடும்போது யாரும் அடிக்குறிப்பு எழுதுவதில்லை.

பழைய ஜெயில் ரோட்டில், ஸ்டான்லி மருத்துவமனையின் ஈரல் ஓ.பி.யில் இன்னொரு கூட்டம் உண்டு. துறைமுகத்தில் வேலைக்குச் சேரவோ வெளிநாடு போகவோ ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டில் 'ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்', அதாவது அந்த மேலுறைப் புரதம் இருக்கிறது என்று பார்த்து அலறியடித்து வந்தவர்கள். எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படாது. வைரஸ் எண்ணிக்கையும் ஈரல் நிலையும் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். தேவைப்படுகிறவர்களுக்கு டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர். 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்தில் இவை இலவசம். தினம் ஒரு மாத்திரை, பல ஆண்டுகளுக்கு, சிலருக்கு ஆயுள் முழுக்க. வைரஸை அடக்கி வைக்கும். பெரும்பாலும் அடியோடு விரட்டாது. இந்த இடத்தில்தான் கீழாநெல்லி மறுபடியும் உள்ளே வருகிறது. "ஆயுசுக்கும் இங்கிலீஷ் மாத்திரையா? லண்டன் புக்லயே போட்டிருக்கான், நம்ம கீழாநெல்லி ஒரே மாசத்துல வெரட்டிடும்னு" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். லண்டன் புத்தகத்தில் போட்டது நிஜம்தான். ஆனால் அதை நம்பி மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்த வைரஸ் ஒரேயடியாகப் பெருகி ஈரலைத் தாக்கக்கூடும். சிலருக்கு அது ஈரல் செயலிழப்பில் கொண்டுபோய் விடும். மோரில் கலக்கிக் குடிப்பதானால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். மாத்திரையை மட்டும் அவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

(தொடரும்)