வாட்ஸ்அப் திடீரென லாக்-அவுட் ஆகிவிட்டதா? அன்இன்ஸ்டால் செய்யும் முன் இதைப் படியுங்கள்

திங்கட்கிழமை காலை 9.20. இன்னும் பத்து நிமிடத்தில் டீம் மீட்டிங். கிளையன்ட் அனுப்பிய ஃபைலைப் பார்க்க வாட்ஸ்அப்பைத் திறக்கிறீர்கள். வழக்கமான சாட் பட்டியல் இல்லை. 'உங்கள் மொபைல் எண்ணைப் பதிவிடவும்' என்று புதிதாகச் சேர்ந்தவரிடம் கேட்பது போலக் கேட்கிறது. "அட, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

இந்த இடத்தில் பதற்றத்தில் பலரும் செய்வது மூன்று காரியங்கள். ஒன்று, ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது. இரண்டு, ஓடிபி வரும்வரை 'மீண்டும் அனுப்பு' பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பது. மூன்று, "சரிசெய்து தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அவர் கேட்கும் கோடைக் கொடுத்துவிடுவது. மூன்றுமே நிலைமையை மோசமாக்கும். ஒரு ஐந்து நிமிடம் ஒதுக்கி, எங்கே சிக்கியிருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

பிரச்னை உங்களிடமா, வாட்ஸ்அப்பிடமா?

முதல் சோதனை எளிது. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு வாட்ஸ்அப் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். 2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்அப் உலகம் முழுக்க சுமார் ஆறு மணி நேரம் முடங்கியது. 2022 அக்டோபர் 25 அன்று சுமார் இரண்டு மணி நேரம் முடங்கியது. அப்படிப்பட்ட நாளில் உங்கள் போனில் எதைத் தட்டினாலும் பலன் இருக்காது. காத்திருப்பதுதான் ஒரே வழி.

மற்றவர்களுக்கு வேலை செய்கிறது, உங்களுக்கு மட்டும் இல்லையென்றால் போனின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். அவை தவறாக இருந்தால் வாட்ஸ்அப் சர்வருடன் இணைய முடியாது. 'தானாக அமை' என்ற தேர்வை ஆன் செய்துவிடுங்கள். போன் ரொம்பப் பழசா? ஆண்ட்ராய்டு 4.4 பதிப்புக்கும், ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே உள்ள ஐபோன்களுக்கும் 2025-ல் வாட்ஸ்அப் ஆதரவை நிறுத்திவிட்டது. அந்த போன்களில் எத்தனை முறை முயன்றாலும் லாக்-இன் ஆகாது.

உங்கள் கணக்கின் சாவி எது?

ஜிமெயிலுக்குப் பாஸ்வேர்டு இருக்கிறது. வாட்ஸ்அப் கணக்கு அடிப்படையில் உங்கள் மொபைல் எண்ணை நம்பியே இருக்கிறது. அந்த எண்ணுக்கு வரும் ஆறு இலக்க ஓடிபியை யார் பதிவிடுகிறாரோ, அவரைத்தான் கணக்கின் உரிமையாளர் என்று வாட்ஸ்அப் எடுத்துக்கொள்ளும். கணக்கைத் திருட நினைப்பவர் அந்த ஆறு இலக்கத்தைக் குறிவைப்பது இதனால்தான். கணக்கை மீட்க உங்களுக்கு உதவப்போவதும் அதே ஆறு இலக்கம்தான். எனவே சிம் உங்கள் கையில் இருக்கும்வரை பெரும்பாலும் கணக்கை மீட்டுவிடலாம்.

சாட்டுகளின் கதை வேறு. அவை உங்கள் போனில்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. லாக்-அவுட் ஆன நிலையில் புதிதாக பேக்கப் எடுக்க முடியாது. அப்போது ஆப்பை அழித்தால், கடைசியாக பேக்கப் எடுத்த நாள் வரையிலான சாட்டுகளே திரும்பக் கிடைக்கும். பேக்கப்பே எடுத்ததில்லை என்றால், குறிப்பாக ஐபோனில், எல்லாம் போய்விடும். அதனால்தான் சொல்கிறோம், அவசரப்பட்டு அன்இன்ஸ்டால் பண்ணாதீங்க.

ஓடிபி வரவே இல்லையா?

நாட்டுக் குறியீடு +91 என்று இருக்கிறதா, எண்ணுக்கு முன்னால் 0 சேர்த்துவிட்டீர்களா என்று பாருங்கள். சாதாரண எஸ்எம்எஸ் வருகிறதா என்று நண்பரை ஒன்று அனுப்பச் சொல்லிச் சோதியுங்கள். ரீசார்ஜ் முடிந்து சேவை நின்றுபோன இரண்டாவது சிம்மில்தான் வாட்ஸ்அப் வைத்திருக்கிறீர்கள் என்றால், காரணம் அதுவாகவே இருக்கலாம்.

எஸ்எம்எஸ் வராவிட்டால், திரையில் ஓடும் டைமர் முடிந்ததும் 'அழைப்பு மூலம் பெறு' என்ற வாய்ப்பு வரும். தானியங்கிக் குரல் ஒன்று அந்த ஆறு இலக்கத்தைப் படித்துச் சொல்லும். டைமர் முடியும் முன் திரும்பத் திரும்ப முயன்றாலோ, குத்துமதிப்பாக எண்களைப் போட்டுப் பார்த்தாலோ, காத்திருக்க வேண்டிய நேரம் கூடிக்கொண்டே போகும்.

இந்தியாவில் பலருக்குத் தெரியாத விதி ஒன்று உண்டு. சிம் தொலைந்து அதே எண்ணில் புது சிம் வாங்கினாலோ, பழைய சிம்மை இ-சிம்மாக மாற்றினாலோ, முதல் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் எஸ்எம்எஸ் சேவை நிறுத்தி வைக்கப்படும். ஒருவரின் எண்ணில் மோசடியாக டூப்ளிகேட் சிம் வாங்கி வங்கி ஓடிபியைத் திருடுவதைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த பாதுகாப்பு இது. புது சிம் போட்ட அன்றே ஓடிபி வரவில்லை என்றால் சிம்மில் பழுது என்று ஸ்டோருக்கு ஓட வேண்டாம். அழைப்பு வழியாக முயலுங்கள், அல்லது ஒரு நாள் பொறுங்கள்.

ஓடிபி போட்டாச்சு, இப்போ பின் கேட்குதே?

இது 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்'. எப்போதோ நீங்களே அமைத்த ஆறு இலக்க பின். எஸ்எம்எஸ்ஸில் வராது. மறந்துவிட்டீர்கள் என்றால், அமைக்கும்போது இ-மெயில் முகவரி கொடுத்திருந்தால் 'பின் மறந்துவிட்டதா' என்பதைத் தட்டி, மெயிலில் வரும் இணைப்பு மூலம் மாற்றிவிடலாம். இ-மெயில் கொடுக்கவில்லை என்றால் 7 நாட்கள் காத்திருந்த பிறகுதான் பின்னை ரீசெட் செய்ய முடியும். குறுக்கு வழி இல்லை. "பணம் கட்டினால் உடனே திறந்து தருகிறேன்" என்று சொல்பவர் ஏமாற்றுக்காரர்.

நான் பின்னே வைக்கவில்லையே, அப்புறம் எப்படிக் கேட்கிறது என்கிறீர்களா? அப்படியானால் அடுத்த பகுதி உங்களுக்குத்தான்.

வேறு யாரோ உள்ளே போயிருந்தால்?

'உங்கள் எண் வேறொரு போனில் பதிவு செய்யப்பட்டுள்ளது' என்ற செய்தி வந்தால் உடனே உங்கள் எண்ணைப் பதிவிட்டு ஓடிபி கேளுங்கள். சரியான ஓடிபியை நீங்கள் போட்ட அந்த நொடியே எதிராளி வெளியேற்றப்படுவார். அவர் ஒரு பின்னை அமைத்து வைத்திருந்தால் நீங்கள் உள்ளே நுழைய 7 நாட்கள் ஆகலாம். ஆனால் அந்த 7 நாட்களும் அவராலும் உங்கள் கணக்கைப் பயன்படுத்த முடியாது. பின் தெரியாதே என்று ஓடிபி போடாமல் விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

உங்கள் பழைய சாட்டுகள் உங்கள் போனில் இருப்பதால், இப்படி வேறு போனில் பதிவு செய்தவரால் அவற்றைப் படிக்க முடியாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. "அர்ஜென்ட்டா ஒரு 10,000 ரூபாய் அனுப்பு, சாயங்காலம் தர்றேன்" என்று உங்கள் பெயரில் அம்மாவுக்கும் டீம் லீடுக்கும் மெசேஜ் போகும். அதனால் லாக்-இன் முயற்சி ஒருபக்கம் நடக்கட்டும். நெருங்கியவர்களுக்கு சாதாரண அழைப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.

அவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள்? ஓடிபியை நீங்களே சொல்லியிருக்கலாம். இன்னொரு வழி கால் ஃபார்வர்டிங். "கூரியர் வந்திருக்கு சார், டெலிவரி பாய்கிட்ட பேச இந்த நம்பரை டயல் பண்ணுங்க" என்று நட்சத்திரக் குறி சேர்ந்த ஒரு எண்ணைத் தருவார்கள். டயல் செய்தால் உங்கள் அழைப்புகள் அவர்களுக்குத் திரும்பிவிடும். ஓடிபி சொல்லும் தானியங்கி அழைப்பும் அவர்களுக்கே போகும். இந்த மோசடி காரணமாகத்தான் 2024 ஏப்ரல் 15 முதல் *401# போன்ற குறியீடுகள் வழியான கால் ஃபார்வர்டிங்கை நிறுத்தி வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சந்தேகம் இருந்தால் ##002# டயல் செய்து எல்லா ஃபார்வர்டிங்கையும் ரத்து செய்யலாம்.

வாட்ஸ்அப்போடு சேர்த்து போனில் சிக்னலும் போய்விட்டதா? உங்கள் எண்ணில் வேறு யாரோ சிம் வாங்கியிருக்கலாம். அப்படியானால் முதல் அழைப்பு, வேறொருவர் போனிலிருந்து, உங்கள் டெலிகாம் நிறுவனத்துக்கு. அடுத்தது வங்கிக்கு.

ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் வெளியேற்றுகிறதா?

ஒரு கணக்குடன் நான்கு கூடுதல் சாதனங்களை இணைக்கலாம். உங்கள் முக்கிய போனில் 14 நாட்களுக்கு மேல் வாட்ஸ்அப்பைத் திறக்கவில்லை என்றால் இணைந்த சாதனங்கள் எல்லாம் தானாக வெளியேறிவிடும். செட்டிங்ஸில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதிக்குப் போய் கியூஆர் கோடை மறுபடி ஸ்கேன் செய்தால் போதும்.

இதில் அரசின் பங்கும் இருக்கிறது. எண்ணைப் பதிவு செய்த சிம் போனில் இருந்தால் மட்டுமே மெசேஜிங் ஆப் இயங்க வேண்டும், கணினிப் பதிப்புகள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது லாக்-அவுட் ஆக வேண்டும் என்று 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், அரட்டை உள்ளிட்ட ஆப்கள் இதில் அடங்கும். வெளிநாட்டிலிருந்து இந்திய எண்களை வைத்து நடக்கும் மோசடிகளைத் தடுப்பதே நோக்கம் என்றது அரசு. சிம்மைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு வைஃபையில் மட்டும் வாட்ஸ்அப் ஓட்டும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அதை மாற்றிக்கொள்வது நல்லது.

அதே 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலில் தெரியாத பிரவுசரோ கணினியோ இருக்கிறதா என்றும் பாருங்கள். தெரிந்தவர் பெயரில் "இந்த போட்டோவைப் பாரு" என்று லிங்க் அனுப்பி, அதில் உங்கள் எண்ணைப் பதிவிட வைத்து, திரையில் தெரியும் ஒரு கோடை வாட்ஸ்அப்பில் போடச் செய்யும் 'கோஸ்ட் பேரிங்' மோசடி பற்றி, மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2025 டிசம்பரில் எச்சரித்தது. இதில் நீங்கள் லாக்-அவுட் ஆகவே மாட்டீர்கள். இன்னொருவர் சத்தமில்லாமல் உங்கள் சாட்டுகளைப் படித்துக்கொண்டிருப்பார்.

கணக்கையே தடை செய்துவிட்டால்?

ஜிபி வாட்ஸ்அப் போன்ற அதிகாரபூர்வமற்ற ஆப்களைப் பயன்படுத்தினால் தற்காலிகத் தடை வரும். அதிகாரபூர்வ ஆப்புக்கு மாறி, திரையில் காட்டும் நேரம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். 'இந்தக் கணக்கு வாட்ஸ்அப்பைப் பயன்படுத்த முடியாது' என்று வந்தால், அதே திரையில் மறுஆய்வு கோரும் வாய்ப்பு இருக்கும். அதைப் பயன்படுத்துங்கள்.

கம்பெனி சிம்மில் வாட்ஸ்அப் வைத்திருக்கிறீர்களா?

வேலை மாறும்போது சிம்மைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். எண் போனால் கணக்கின் சாவியும் போகும். தனி எண்ணைக் கைவிட்டாலும் இதே கதைதான். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்கு ஒதுக்கலாம். இது பற்றிய வழக்கில் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பழைய எண்ணோடு சேர்ந்த வாட்ஸ்அப் கணக்கை நீக்கித் தனியுரிமையைப் பாதுகாத்துக்கொள்வது முந்தைய பயனரின் பொறுப்பு என்று கூறியது. எனவே பழைய சிம் வேலை செய்யும்போதே செட்டிங்ஸில் 'எண்ணை மாற்று' வழியாகக் கணக்கைப் புது எண்ணுக்கு நகர்த்துங்கள். குரூப்களும் கூடவே வந்துவிடும்.

லாக்-இன் ஆனதும் செய்ய வேண்டியவை

உள்ளே வந்த நிம்மதியில் அப்படியே மீட்டிங்குக்குப் போய்விடாதீர்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

- டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்து, மறக்காமல் இ-மெயில் முகவரியும் சேருங்கள். பிறந்த தேதியைப் பின்னாக வைக்காதீர்கள்.
- கணக்கு அமைப்புகளில் 'பாஸ்கீ' உருவாக்குங்கள். அடுத்த முறை எஸ்எம்எஸ்ஸுக்குக் காத்திருக்காமல் கைரேகை அல்லது முகம் காட்டியே உள்ளே போகலாம்.
- பேக்கப் கடைசியாக எப்போது நடந்தது என்று பாருங்கள். பேக்கப்புக்குத் தனிப் பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதைப் பத்திரமாகக் குறித்து வையுங்கள். அது இல்லாமல் வாட்ஸ்அப்பாலும் பேக்கப்பைத் திறந்து தர முடியாது.
- தெரியாத லிங்க்டு டிவைஸ் இருந்தால் வெளியேற்றுங்கள்.

இதையெல்லாம் உங்கள் போனில் முடித்ததும், இந்த வார இறுதியில் வீட்டுக்குப் பேசும்போது அப்பா, அம்மா போனிலும் செய்ய வையுங்கள். "ஓடிபி யார் கேட்டாலும் சொல்லாதீங்க, நானே கேட்டாலும் சொல்லாதீங்க" என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரில் பணம் கேட்டு மெசேஜ் வந்தால், முதலில் போன் போட்டு உங்களிடம் கேட்க அவர்களுக்குத் தோன்ற வேண்டும்.